எரிமலை வெடித்தால் பூமி ஏன் குளிர்கிறது?

1992 ஜனவரியில் நாசாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹேன்சனும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட ஜோசியம் மாதிரியான கட்டுரை. இந்த ஆண்டின் கடைசிக்குள் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி செல்சியஸ் குறையும், அப்புறம் இரண்டு மூன்று ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்றார்கள். ஹேன்சன் யாரென்றால், 1988இல் அமெரிக்க செனட் குழுவின் முன்னால் உட்கார்ந்து 'பூமி சூடாகத் தொடங்கிவிட்டது' என்று சாட்சி சொன்னவர். அதுவரை அளந்ததிலேயே வெப்பமான ஆண்டு என்று 1990 பெயர் வாங்கியிருந்த நேரம் அது. அப்படிப்பட்ட ஆள் திடீரென்று குளிரப் போகிறது என்கிறார்.

சொன்னது பலித்தது. 1992இல் பூமி ஏறக்குறைய அவர்கள் சொன்ன அளவுக்கே குளிர்ந்தது. இதில் கிளி ஜோசியம் எதுவும் இல்லை. கட்டுரை வருவதற்கு சுமார் ஏழு மாதங்களுக்கு முன்னால் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ என்ற எரிமலை வெடித்திருந்தது, அவ்வளவுதான்.

இங்கேதான் பலருக்கும் குழப்பம். எரிமலை என்றால் நெருப்பு, நெருப்பு என்றால் சூடு. அது வெடித்தால் உலகம் சூடாகத்தானே வேண்டும்? நியாயமான கேள்வி. ஆனால் எரிமலைக் குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அந்தச் சூடு மலையடிவாரத்தைத் தாண்டாது. சூரியனிடமிருந்து பூமிக்கு வந்து சேரும் ஆற்றலைச் சராசரியாகப் பிரித்தால் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 340 வாட். பூமிக்கு அடியிலிருந்து கசிந்து வரும் வெப்பமோ ஒரு சதுர மீட்டருக்கு 0.1 வாட் கூடத் தேறாது. ஊரையே காயவைக்கும் வெயிலில் ஒருவர் வாசலில் கற்பூரம் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அந்தக் கதைதான். பூமியின் வெப்பநிலையை மாற்ற வேண்டுமென்றால் எரிமலை சூரியனின் கணக்கில் கை வைக்க வேண்டும். பினாட்டுபோ செய்தது அதைத்தான்.

பினாட்டுபோ மலை லூசான் தீவில் இருக்கிறது. சுமார் 500 ஆண்டுகள் சத்தமில்லாமல் கிடந்தது. காடு மூடிய மலை. சரிவுகளில் ஆய்தா பழங்குடி மக்கள் விவசாயம் செய்து வாழ்ந்தார்கள். 1991 ஏப்ரலில் புகை கக்கத் தொடங்கியது. பிலிப்பைன்ஸ், அமெரிக்க விஞ்ஞானிகள் கருவிகளோடு போய் உட்கார்ந்து, நிலநடுக்கங்களை எண்ணி, வெளிவரும் வாயுவை அளந்து, 'வெடிக்கப் போகிறது, கிளம்புங்கள்' என்று சொன்னார்கள். பல்லாயிரம் பேர் சரியான நேரத்தில் வெளியேறினார்கள். ஜூன் 15 அன்று பெருவெடிப்பு. பட்ட காலிலே படும் என்பதுபோல அதே நாளில் 'யுன்யா' என்ற புயலும் அந்தத் தீவின் மேல் வந்து நின்றது. வானத்திலிருந்து சாம்பலும் மழையும் ஒன்றாக விழுந்தன. காய்ந்த சாம்பலைக் கூரை தாங்கும். நனைந்த சாம்பல் ஈரச் சிமென்ட் மாதிரி கனக்கும். அன்றைக்கு இறந்தவர்களில் மிகப் பலர், நெருப்புக்குப் பயந்து ஒதுங்கிய கூரைகள் இடிந்து விழுந்ததில் இறந்தவர்கள். பட்டப்பகலில் கும்மிருட்டு.

தரையில் இவ்வளவு நடந்துகொண்டிருக்க, உலகத்தின் வெப்பநிலையைத் தீர்மானிக்கும் காரியம் 20, 30 கிலோமீட்டர் உயரத்தில் நடந்தது. வெடிப்பின் தூண் சுமார் 35 கிலோமீட்டர் உயரம் வரை எழும்பியது. அதில் சாம்பல் இருந்தது, நீராவி இருந்தது, கூடவே ஒன்றரைக் கோடியிலிருந்து இரண்டு கோடி டன் வரை கந்தக டைஆக்சைடு. தீக்குச்சியை உரசியவுடன் மூக்கில் ஏறும் நெடி இருக்கிறதே, அந்த வாயு.

சாம்பலைத்தான் எல்லோரும் குற்றவாளி என்று நினைக்கிறார்கள். புகைப்படத்தில் தெரிவது அதுதான், விமானங்களை நிறுத்துவதும் அதுதான். ஆனால் சாம்பல் என்பது பொடிந்த பாறை. கனமானது, சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் கீழே இறங்கிவிடும். 2010இல் ஐஸ்லாந்தில் எய்யாஃபியாட்லயோகுட்ல் (இதைச் சரியாகச் சொல்ல முடியாமல் உலகம் முழுக்கச் செய்தி வாசிப்பவர்கள் தவித்தார்கள்) வெடித்தபோது ஐரோப்பாவின் விமானங்கள் பல நாட்கள் முடங்கின. அவ்வளவு கலவரம் செய்தும் உலக வெப்பநிலையில் அது ஒரு கீறல்கூடப் போடவில்லை. கந்தகம் குறைவு, உயரமும் போதவில்லை.

உயரம் ஏன் முக்கியம்? நாம் வாழும் காற்று அடுக்கில்தான் மேகம், மழை, புயல் எல்லாம். நிலநடுக்கோட்டுப் பக்கம் இந்த அடுக்கு சுமார் 16, 17 கிலோமீட்டர் வரை போகிறது; துருவங்களில் எட்டு ஒன்பது கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். இதற்கு மேலே இருப்பது ஸ்ட்ராட்டோஸ்பியர், பாடப்புத்தகத்தில் படை மண்டலம் என்று படித்திருப்போம். வாசலில் தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்குகிறது இல்லையா? கீழ் அடுக்கில் மழை அந்த வேலையைச் செய்கிறது. அங்கே கலக்கும் கந்தகத்தை ஓரிரு வாரங்களில் கழுவி மண்ணில் இறக்கிவிடும். படை மண்டலத்தில் தண்ணீர் தெளிக்க ஆள் இல்லை. மழை கிடையாது, மேலும் கீழும் காற்று புரள்வதும் மிகக் குறைவு. அங்கே போய்ச் சேர்ந்தது சுலபத்தில் இறங்காது.

அப்படிப் போய்ச் சேர்ந்த கந்தக டைஆக்சைடு, சில வாரங்களில் நீராவியோடு வினைபுரிந்து கந்தக அமிலத் துளிகளாக மாறுகிறது. கண்ணுக்குத் தெரியாத துளிகள். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த அளவில்தான் சூட்சுமம் இருக்கிறது. இவை ஏறக்குறைய ஒளியின் அலைநீளத்தை ஒத்த அளவில் இருப்பதால், சூரிய ஒளியை நன்றாகச் சிதறடிக்கின்றன. ஒரு பகுதி திரும்ப விண்வெளிக்கே போய்விடுகிறது. ஆனால் பூமி வெளியே விடும் வெப்பக் கதிர்களின் அலைநீளம் பல மடங்கு பெரியது. அவற்றை இந்தத் துளிகளால் அவ்வளவாகத் தடுக்க முடிவதில்லை. கல்யாண வீட்டு வாசலில் மெல்லிய வெள்ளைத் துணியில் பந்தல் போட்ட மாதிரி. வெயில் பாதி மறைகிறது, உள்ளே இருக்கும் புழுக்கம் வெளியே போகத் தடையில்லை. பூமிக்கு வரவு குறைந்து செலவு அப்படியே இருந்தால் கையிருப்பு கரையும். குளிர்கிறது.

பினாட்டுபோவின் கந்தக மேகம் சுமார் மூன்று வாரங்களில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. வெப்பமண்டலத்தில் வெடித்ததால் அது வடக்கு தெற்கு இரண்டு பக்கமும் மெல்லப் பரவி, ஓராண்டுக்குள் முழு உலகத்துக்கும் பந்தலாகிவிட்டது. நீல வானம் கொஞ்சம் பால் கலந்ததுபோல வெளுத்தது. அந்தி வானம் மட்டும் கத்திரிப்பூ நிறத்திலும் செம்பருத்தி நிறத்திலும் ஜொலித்தது. சூரியனிலிருந்து நேராக வரும் ஒளி நன்றாகக் குறைந்தது. சிதறி வரும் ஒளி கூடியது. இதில் எதிர்பாராத லாபம் மரங்களுக்கு. நேர் வெயிலில் மேல் இலைக்குத்தான் விருந்து, கீழ் இலைகள் நிழலில் கிடக்கும். சிதறிய ஒளி எல்லா இலைகளுக்கும் பந்தி போட்டது.

அரை டிகிரி என்றால் என்ன பெரிய விஷயம், காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி வித்தியாசம் பார்ப்பவர்கள்தானே நாம் என்று தோன்றலாம். இது ஓர் ஊரின் கணக்கு இல்லை. கடல், பாலைவனம், துருவம் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டு முழுக்க எடுத்த சராசரி. அது அரை டிகிரி நகர வேண்டுமென்றால் எங்கெங்கோ பெரிய மாற்றங்கள் நடந்திருக்க வேண்டும். நடந்தன. 1992 கோடை அமெரிக்காவின் பெரும்பகுதியில் வழக்கத்துக்கு மாறாகக் குளுகுளுவென்று இருந்தது. கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் கடல் பனி வழக்கத்தைவிடத் தாமதமாக உடைந்தது. பனிக்கரடிகளுக்கு சீல் வேட்டையாடக் கூடுதல் நாட்கள் கிடைத்து, அந்த ஆண்டுக் குட்டிகள் நன்றாகக் கொழுத்தன. ஆய்வாளர்கள் அவற்றுக்கு 'பினாட்டுபோ கரடிகள்' என்றே பெயர் வைத்தார்கள். செங்கடலின் வடகோடியில் உள்ள ஏலாத் வளைகுடாவுக்கு அந்தக் குளிர் நல்லது செய்யவில்லை. குளிர்ந்த மேற்பரப்பு நீர் அடியாழத்து நீரோடு கலந்து, சத்துகள் மேலே வந்து, பாசி படர்ந்து, பவளப்பாறைகள் மூச்சுமுட்டிச் செத்தன.

இன்னொரு விசித்திரம்: உலகமே குளிர்ந்தாலும் 1991-92 குளிர்காலம் வட ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் வழக்கத்தைவிடக் கதகதப்பாக இருந்தது. கந்தகப் பந்தல் வெறுமனே நிழல் தருவதோடு நிற்பதில்லை. வெப்பத்தைக் கொஞ்சம் உறிஞ்சிப் படை மண்டலத்தையே சில டிகிரி சூடாக்குகிறது. அதனால் மேலே வீசும் காற்றோட்டங்கள் மாறுகின்றன. கடலின் இதமான காற்று ஐரோப்பாவுக்குள் அதிகம் புகுந்ததற்கு இதுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. எந்த அளவுக்கு என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாதம் உண்டு.

மழையும் தப்பவில்லை. வெயில் குறைந்தால் கடல் நீர் ஆவியாவது குறைகிறது. நிலம் கடலைவிட வேகமாகக் குளிர்வதால், பருவக்காற்றை இழுத்துவரும் நில-கடல் வெப்ப வித்தியாசமும் குறைகிறது. பினாட்டுபோவுக்குப் பிந்தைய ஆண்டில் உலக நிலப்பரப்புகளில் பெய்த மழை கணிசமாகக் குறைந்தது. எரிமலைக் குளிர்ச்சி இலவச ஏசி இல்லை. பில் வேறு ரூபத்தில் வருகிறது.

சரி, இதையெல்லாம் கேட்டவுடன் இன்னொரு கேள்வி எழும். உலகம் குளிரும் ஆண்டில் வெப்ப அலையே வராதா?

இதற்கு ஐஸ்லாந்துக்குப் போக வேண்டும். 1783 ஜூன் 8 அன்று லாக்கி என்ற இடத்தில் தரை நீளவாக்கில் பிளந்தது. கூம்பு வடிவ மலை உச்சியிலிருந்து அல்ல, கிலோமீட்டர் கணக்கில் நீண்ட பிளவிலிருந்து எட்டு மாதம் குழம்பு வழிந்தது. கந்தக டைஆக்சைடு மட்டும் சுமார் 12 கோடி டன், பினாட்டுபோவைப்போல ஆறு மடங்குக்கும் மேல். புல்லில் ஃபுளோரின் படிந்து ஆடு மாடுகள் செத்தன. பின்னால் வந்த பஞ்சத்தில் ஐஸ்லாந்து மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தார். கந்தகப் புகை கடல் தாண்டி ஐரோப்பா முழுவதையும் மூடியது. அதற்கு 'உலர்ந்த மூடுபனி' என்று பெயர் வந்தது.

இவ்வளவு கந்தகம் பரவியதால் அந்தக் கோடை குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் 1783 ஜூலையில் மேற்கு ஐரோப்பாவில் அடித்தது அந்தக் காலத்தவர் மறக்க முடியாத வெயில். நடுப்பகல் சூரியன் மேகம் மூடிய நிலவைப்போல வெளிறித் தெரிந்ததாகவும், தரையில் துருப்பிடித்த நிறத்தில் வெளிச்சம் விழுந்ததாகவும் இங்கிலாந்தின் கிராமப் பாதிரியார் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். வெட்டிய இறைச்சியை மறுநாள் வாயில் வைக்க முடியாத அளவுக்கு வெப்பம், ஈக்கள் வேறு என்று புலம்புகிறார். மங்கிய சூரியனும் கொளுத்தும் வெயிலும் ஒன்றாக!

எரிமலைப் புகையே போர்வை மாதிரி வெப்பத்தைப் பிடித்து வைத்ததோ என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். 2019இல் வந்த கணினி மாதிரி ஆய்வு ஒன்று வேறு விடை சொன்னது. அந்த ஜூலையில் ஐரோப்பாவின் மேல் ஓர் உயர் அழுத்தப் பகுதி நகராமல் உட்கார்ந்துவிட்டது. அதுதான் வெயிலுக்குக் காரணம். லாக்கி வெடிக்காமல் இருந்தாலும் அது வந்திருக்கும். லாக்கி வெடித்ததால் வெப்பம் குறைந்ததே தவிரக் கூடவில்லை.

வெப்ப அலை எப்படி உருவாகிறது என்று பார்த்தால் இது புரியும். உயர் அழுத்தம் ஓரிடத்தில் தங்கினால் காற்று மேலிருந்து கீழ்நோக்கி அமுங்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்போம். அமுங்கும் காற்று சூடாகும். மேகம் கலையும், மழை நிற்கும், மண் காயும். காய்ந்த மண்ணில் ஆவியாக ஈரம் இல்லாததால் வெயிலின் ஆற்றல் எல்லாம் வெப்பமாகவே மாறும். ஓர் ஊரில் ஒரு வாரம் நடக்கும் இந்தக் கூத்தை எங்கோ வெடித்த எரிமலை நேரடியாக நடத்துவதும் இல்லை, நிறுத்துவதும் இல்லை. உலக சராசரி என்கிற படிக்கட்டை அது ஒரு படி கீழே இறக்குகிறது. வெப்ப அலை அந்தப் படியில் நின்றுதான் குதிக்கும். படி தாழ்ந்தால் எட்டும் உயரமும் தாழும், சில ஊர்களில் உச்சத்தைத் தொடாமலே போகும். பசுங்குடில் வாயுக்கள் செய்வது இதற்கு நேர் எதிர்: படியை வருஷா வருஷம் உயர்த்திக்கொண்டே போகின்றன.

லாக்கி கதையில் ஒரு கிளைக்கதை: அப்போது பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். மூடுபனியையும் அதைத் தொடர்ந்து வந்த கடுங்குளிரையும் பார்த்துவிட்டு, ஐஸ்லாந்து எரிமலைப் புகை சூரிய ஒளியைத் தடுத்திருக்குமோ என்று 1784இல் எழுதினார். விண்கல் புகையாகவும் இருக்கலாம் என்று ஓர் இழுப்பு போட்டுத்தான் சொன்னார். இருந்தாலும் எரிமலைக்கும் குளிருக்கும் முடிச்சுப் போட்ட முதல் சிலரில் அவர் ஒருவர். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்து, மறு ஆண்டு அமெரிக்காவின் வடகிழக்கில் ஜூன் மாதத்தில் பனி கொட்டி, ஐரோப்பாவில் பயிர் அழிந்து, 1816க்கு 'கோடை இல்லாத ஆண்டு' என்று பெயரே வந்தபோது, பட்டினி கிடந்தவர்களுக்குக் காரணம் உலகத்தின் மறுகோடியில் இருக்கிறது என்று தெரியவே தெரியாது.

இதுவரை சொன்ன எல்லாக் கதையிலும் எரிமலை குளிர்விக்கிறது. விதிவிலக்கோ என்று தோன்றவைத்த ஒன்று 2022 ஜனவரி 15 அன்று வந்தது. பசிபிக்கில், டோங்கா நாட்டில், ஹுங்கா டோங்கா என்ற கடலடி எரிமலை. அதன் வாய் கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 150 மீட்டர் ஆழத்தில் இருந்தது. இன்னும் ஆழமாக இருந்திருந்தால் கடலின் எடையே வெடிப்பை அமுக்கியிருக்கும். இன்னும் மேலே இருந்திருந்தால் இவ்வளவு தண்ணீர் சிக்கியிருக்காது. வெடிப்பின் தூண் 57 கிலோமீட்டர் உயரம் போனது. அளந்ததிலேயே உயரமானது அதுதான். கடல் நீரை ஆவியாக்கி சுமார் 15 கோடி டன் படை மண்டலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த மண்டலம் முழுவதிலும் ஏற்கெனவே இருந்த நீராவியில் இது ஏறக்குறைய 10 சதவீதம். கந்தகமோ பினாட்டுபோவோடு ஒப்பிட்டால் சொற்பம்.

நீராவி ஒரு பசுங்குடில் வாயு. ஆகவே இந்த முறை பூமி சூடாகலாம் என்று ஆரம்பத்தில் சில விஞ்ஞானிகள் கணித்தார்கள். அடுத்த ஆண்டே, 2023இல், உலக வெப்பநிலை சாதனையை முறியடித்தது; 2024 அதையும் முறியடித்தது. போதாதா? 'எல்லாவற்றுக்கும் டோங்கா எரிமலைதான் காரணம்' என்று சமூக வலைதளங்களில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். பிறகு செயற்கைக்கோள் அளவுகளை வைத்து நிதானமாகக் கணக்குப் போட்டபோது, நீராவி சூடாக்கியதைக் கொஞ்சமே கொஞ்சமாக இருந்த கந்தகம் ஈடுகட்டிவிட்டது, மொத்த விளைவு மிகச் சிறியது, அதுவும் குளிர்ச்சியின் பக்கம்தான் சாய்கிறது என்று தெரியவந்தது. அந்த இரண்டு ஆண்டு வெப்பத்துக்கு முதல் காரணம் பல்லாண்டுகளாகச் சேர்ந்த பசுங்குடில் வாயுக்கள், அதன் மேல் எல் நினோ (பசிபிக் கடலின் மேற்பரப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சூடாவது). கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் அளவை 2020இல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்ததற்கும் ஒரு பங்கு உண்டு என்கிறார்கள், எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு. கடலோர மக்களின் நுரையீரலுக்காகச் செய்த நல்ல காரியம். ஆனால் கப்பல் புகையும் ஒரு குட்டி எரிமலை மாதிரி நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது என்பது அதை விலக்கியபோதுதான் உறைத்தது.

எரிமலைகள் கார்பன் டைஆக்சைடையும் கக்குகின்றனவே, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. எடுக்கலாம். உலக எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் வெளியிடுவது, நாம் நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து வெளியிடுவதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பினாட்டுபோ அந்தப் பெருவெடிப்பில் விட்ட கார்பன் டைஆக்சைடு சுமார் 5 கோடி டன். இன்றைக்கு மனிதர்கள் அதை அரை நாளில் விட்டுவிடுகிறார்கள். கந்தகத் துளி இரண்டு மூன்று ஆண்டில் கீழே இறங்கிவிடும், கார்பன் டைஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். பினாட்டுபோ கொடுத்த அரை டிகிரித் தள்ளுபடி 1995க்குள் தீர்ந்துபோய், அந்த ஆண்டே புதிய வெப்பச் சாதனைப் பட்டியலில் ஏறிவிட்டது.

இனி எங்காவது எரிமலை வெடித்தது என்று செய்தி வந்தால் மூன்று விஷயங்களைத் தேடினால் போதும்: எவ்வளவு கந்தகம், எவ்வளவு உயரம், எந்த அட்சரேகை. 2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹேலி குப்பி வெடித்து, சாம்பல் மேகம் செங்கடலையும் அரபிக்கடலையும் தாண்டி டெல்லி வானம் வரை வந்தது நினைவிருக்கலாம். விமானங்கள் ரத்தாயின, டெல்லிக் காற்று இன்னும் கெடுமோ என்று தொலைக்காட்சிகளில் விவாதம். அட்சரேகை வெப்பமண்டலம்தான், பினாட்டுபோவுக்குச் சமமான இடம். உயரம் 14 கிலோமீட்டர் அளவில், அதாவது படை மண்டலத்தின் வாசற்படிக்குக் கீழே. கந்தகமோ பினாட்டுபோவுக்குப் பக்கத்தில்கூட வராது. அந்தமானில் அவ்வப்போது புகைந்து குமுறும் பாரன் தீவுக்கும் இதே கணக்குதான்: பார்க்க அழகு, அடுத்த மே மாத வெயிலில் அரைக்கால் டிகிரிகூடக் குறையாது.